100 எம்பிபிஎஸ் இருந்தும் கிளவுட் கேம் ஏன் திக்குகிறது?

கேள்வி இதுதான்: வீட்டில் 100 எம்பிபிஎஸ் இணைப்பு இருக்கிறது. வேகச் சோதனையிலும் கிட்டத்தட்ட அதே எண் வருகிறது. அப்படியிருந்தும் கிளவுட் கேமிங்கில், அதாவது தொலைவிலுள்ள சர்வரில் ஓடும் கேமின் படத்தை இணையம் வழியே வாங்கி ஆடுவதில், படம் கட்டம் கட்டமாக உடைகிறது, பட்டனை அழுத்தினால் பாத்திரம் ஒரு கணம் கழித்துத்தான் குதிக்கிறது. வீட்டு இணையம் இதற்கு இன்னும் தயாராகவில்லையா?

வேகம் தயார். பெரும்பாலான ஃபைபர், கேபிள் இணைப்புகளில் தேவைக்கு மேலேயே இருக்கிறது. தயாராக இல்லாதது அந்த இணைப்பின் நிதானம். ஒவ்வொரு நொடியும், வீட்டில் மற்றவர்கள் இணையத்தைப் பயன்படுத்தும்போதும், தாமதம் ஏறாமல் இறங்காமல் இருக்கிறதா என்பதுதான் இங்கே முக்கியம். பிளான் விளம்பரத்தில் அந்த எண்ணை யாரும் போடுவதில்லை. அதனால்தான் மக்கள் 100ஐ 300 ஆக்கிப் பணம் கட்டிவிட்டு, அதே திக்கலோடு திரும்ப வருகிறார்கள்.

முதலில் சேவைகள் கேட்பது எவ்வளவு என்று பார்த்துவிடலாம். என்விடியாவின் கிளவுட் கேமிங் சேவையான ஜிஃபோர்ஸ் நவ் 720பி, நொடிக்கு 60 ஃபிரேமுக்கு (ஃபிரேம் என்றால் ஒரு தனிப் படம்) 15 எம்பிபிஎஸ் கேட்கிறது. 1080பி, 60 ஃபிரேமுக்கு 25. 1440பி, 120 ஃபிரேமுக்கு 35. 4கே, 120 ஃபிரேமுக்கு 45. எக்ஸ்பாக்ஸ் கிளவுட் கேமிங் மொபைலுக்கு 10, கணினிக்கும் கன்சோலுக்கும் 20 என்கிறது. 2019 நவம்பரில் தொடங்கி 2023 ஜனவரியில் மூடப்பட்ட கூகுள் ஸ்டேடியாவும் 4கேக்கு 35தான் கேட்டது. ஆக, 4கே தரத்துக்குக்கூட 100 எம்பிபிஎஸ்ஸில் பாதி போதும்.

பிறகு எங்கே இடிக்கிறது? சினிமா ஸ்ட்ரீமிங்கையும் இதையும் ஒன்றாக நினைப்பதில்தான் குழப்பமே தொடங்குகிறது. சினிமா முன்கூட்டியே சுருக்கி வைக்கப்பட்டது. உங்கள் டிவி அடுத்த பல நொடிகளுக்கான படத்தை முன்னதாகவே இறக்கி வைத்துக்கொள்கிறது. நடுவில் இரண்டு நொடி இணையம் செத்துப் பிழைத்தாலும் உங்களுக்குத் தெரியாது. கேமில் அடுத்த ஃபிரேம் நீங்கள் இப்போது அழுத்தும் பட்டனைப் பொறுத்தது. இன்னும் பிறக்காத ஃபிரேமைச் சேமித்து வைக்க முடியாது. படத்தைச் சுருக்கும் என்கோடரும் பின்னால் வரப்போகும் ஃபிரேம்களைப் பார்த்துச் சுருக்க முடியாது. வந்த ஃபிரேமை வந்த கையோடு அனுப்பியாக வேண்டும். அதனால் அதே தரத்துக்குச் சினிமாவைவிடக் கூடுதல் பிட்ரேட் (நொடிக்கு அனுப்பும் தரவின் அளவு) தேவைப்படுகிறது. புல்வெளி, மழை, தூசி, புகை போன்ற காட்சிகளில் படம் குழைவது இதனால்தான்.

ஒரே ஒரு ஃபிரேமை எடுத்துப் பார்ப்போம். 1080பி படத்தில் சுமார் 20.7 லட்சம் புள்ளிகள். நொடிக்கு 60 முறை, புள்ளிக்கு 24 பிட் என்றால் சுருக்காத படம் ஏறத்தாழ 3 ஜிபிபிஎஸ். அதை 25 எம்பிபிஎஸ்ஸுக்குள் அடைக்கிறார்கள். 120இல் ஒரு பங்கு. 25 எம்பிபிஎஸ்ஸை 60 ஃபிரேமுக்குப் பகிர்ந்தால் ஃபிரேம் ஒன்றுக்குச் சராசரியாக 52 கிலோபைட். இணையத்தில் தரவு பாக்கெட் என்ற சிறு பொட்டலங்களாகப் போகிறது. ஒரு பாக்கெட்டில் சுமார் 1,300 பைட் படத் தரவு போகிறது என்று வைத்துக்கொண்டால், ஒரு ஃபிரேம் 40 பாக்கெட்டுகளாக வந்து சேர வேண்டும்.

இப்போது பாக்கெட் லாஸ், அதாவது வழியில் தொலையும் பாக்கெட், 1 சதவீதம் என்று வையுங்கள். கேட்கச் சின்ன எண்தான். ஆனால் 40 பாக்கெட்டும் முழுதாக வந்துசேர 67 சதவீத வாய்ப்புதான் இருக்கிறது. அதாவது மூன்று ஃபிரேமில் ஒன்று ஊனமாக வருகிறது. லாஸ் 0.1 சதவீதம் என்றாலும் நொடிக்கு இரண்டு ஃபிரேம் அடிபடும். சேவைகள் இதைச் சமாளிக்கக் கூடுதல் திருத்தப் பாக்கெட்டுகளைச் சேர்த்து அனுப்புகின்றன. தொலைந்ததில் பெரும்பகுதியை அதைக்கொண்டு மீட்டுவிடலாம். ஆனால் லாஸ் பெரும்பாலும் கொத்தாக வரும். பத்துப் பாக்கெட் சேர்ந்தாற்போல் விழுந்தால் திருத்தம் கைகொடுக்காது. அடுத்து வரும் ஃபிரேம்கள் முந்தைய ஃபிரேமை நம்பியே கட்டப்படுவதால், ஒரு ஊனம் சில ஃபிரேம்களுக்குத் தொடரும். நீங்கள் பார்க்கும் கட்டங்கள் அவைதான். சாதாரண வேகச் சோதனை இதைக் காட்டாது. அது பயன்படுத்தும் டிசிபி என்ற தரவு அனுப்பும் முறை தொலைந்த பாக்கெட்டை மறுபடி வாங்கிக்கொண்டு, கடைசியில் சராசரி வேகத்தை மட்டும் சொல்லும்.

தாமதம் எங்கெங்கே சேர்கிறது

பட்டனிலிருந்து திரை வரையிலான நேரத்தை ஒரு கணக்குப் புத்தகம்போல் வைத்துக்கொள்ளுங்கள். வீட்டிலேயே கன்சோலில் ஆடும்போதும், பல 60 ஃபிரேம் ஆட்டங்களில் இந்த நேரம் 60 முதல் 100 மில்லி வினாடி வரை இருக்கும். பூஜ்யத்திலிருந்து யாரும் தொடங்குவதில்லை. கிளவுட்டில் இதன்மேல் ஏறுபவை: படத்தைப் பிடித்து என்கோட் செய்ய 5 முதல் 10, வலையில் போய்வர உங்கள் பிங் (பாக்கெட் சர்வருக்குப் போய்த் திரும்பும் நேரம்) எவ்வளவோ அவ்வளவு, பாக்கெட்டுகள் சீராக வருவதற்காகக் காத்திருக்கச் சில மில்லி வினாடி, உங்கள் சாதனம் டிகோட் செய்ய, அதாவது சுருக்கிய படத்தை விரிக்க, 5 முதல் 10. பிங் 20 என்றால் மொத்தக் கூடுதல் 35 முதல் 50க்குள் நிற்கும். அது ஆடத்தக்கது. பிங் 70 என்றால் கூடுதல் 100ஐத் தொட்டுவிடும்.

இதில் ஒரு பகுதியைத் திரும்பப் பெறவும் வழி உண்டு. கேம் எஞ்சின் வழக்கமாக இரண்டு மூன்று ஃபிரேம் நேரத்தை எடுத்துக்கொள்கிறது. 60 ஃபிரேமில் அது 33 முதல் 50 மில்லி வினாடி. 120 ஃபிரேமில் 17 முதல் 25. சர்வர் 120இல் ஓடி, உங்கள் திரையும் 120 ஹெர்ட்ஸ் காட்டக்கூடியதாக இருந்தால், வலையில் இழந்த நேரத்தில் பெரும்பங்கு இங்கே திரும்பிவிடும். உயர்ந்த சந்தாவுக்குப் பணம் கொடுப்பதில் 4கேயைவிட இதுதான் உருப்படியான லாபம் என்பது என் முடிவு.

தூரத்தை மட்டும் யாராலும் வெல்ல முடியாது. கண்ணாடி இழையில் ஒளி நொடிக்கு ஏறத்தாழ 2 லட்சம் கிலோமீட்டர் போகிறது. டேட்டா சென்டர் 1,000 கிலோமீட்டர் தள்ளி இருந்தால் போய்வர 10 மில்லி வினாடி தவிர்க்க முடியாதது. கேபிள் நேர்க்கோட்டில் போவதில்லை, நடுவில் ரவுட்டர்களும் உண்டு. நடைமுறையில் 15 முதல் 20 வரும். ஜிஃபோர்ஸ் நவ் 80 மில்லி வினாடிக்குள் இருக்க வேண்டும் என்கிறது, 40க்குள் இருந்தால் நல்லது என்கிறது. 80இல் தட்டுத்தடுமாறி ஓடும் என்று எடுத்துக்கொள்ளுங்கள். 40தான் உண்மையான கோடு.

டிவியையும் மறக்க வேண்டாம். கேம் மோட் அணைந்திருந்தால் பல டிவிகள் படத்தை மெருகேற்றுவதிலேயே 50 முதல் 100 மில்லி வினாடி தின்றுவிடும். மாதக்கணக்கில் இணைய நிறுவனத்தோடு சண்டை போட்டவர்களுக்கு விடை டிவி மெனுவில் இருந்த கதைகள் நிறைய. கன்சோலை மாட்டினால் டிவி தானாகக் கேம் மோடுக்கு மாறிக்கொள்ளலாம். டிவிக்குள்ளேயே இருக்கும் கிளவுட் ஆப்பில் ஆடும்போது மாறியிருக்கிறதா என்று நீங்களே பாருங்கள்.

வரிசையில் நிற்கும் பாக்கெட்

வீட்டு இணையத்தில் கிளவுட் கேமிங்கைக் கெடுப்பவற்றில் எதை முதலில் சரிசெய்ய வேண்டும் என்று கேட்டால், தயங்காமல் இதைத்தான் சொல்வேன்: பஃபர்புளோட். மோடத்திலும் ரவுட்டரிலும் தேவைக்கு மீறிப் பெரிய காத்திருப்பு வரிசை இருப்பதால் வரும் கோளாறு இது. ஜிம் கெட்டிஸ் என்ற பொறியாளர் தன் வீட்டு இணைப்பில் இதைத் துருவிக் கண்டுபிடித்து, 2010 வாக்கில் உலகத்தின் கவனத்துக்குக் கொண்டுவந்தார்.

கணக்குப் போட்டால் விஷயம் பளிச்சென்று தெரியும். அப்லோடு 10 எம்பிபிஎஸ். மோடத்தின் வரிசையில் 1 மெகாபைட் பிடிக்கும். வீட்டில் ஒருவரின் போன் அன்றைய புகைப்படங்களைக் கிளவுடுக்கு ஏற்றத் தொடங்குகிறது. டிசிபி, பாக்கெட் விழும்வரை வேகத்தைக் கூட்டிக்கொண்டே போகும் பிறவி. வரிசை முழுவதும் நிரம்புகிறது. 1 மெகாபைட் என்பது 80 லட்சம் பிட். நொடிக்கு 1 கோடி பிட் வெளியேறும் வாயில் அது காலியாக 0.8 நொடி ஆகும். உங்கள் கன்ட்ரோலரிலிருந்து வரும் சுண்டைக்காய் அளவுப் பாக்கெட் அந்த வரிசையின் கடைசியில் நிற்கிறது. பிங் 15இலிருந்து 800க்குத் தாவிவிட்டது. இத்தனைக்கும் உங்கள் டவுன்லோடு பாதையில் நெரிசலே இல்லை. புகைப்படம் ஏறி முடிந்ததும் எல்லாம் தானாகச் சரியாகிவிடும். அதனால் காரணமும் பிடிபடாது. கண்காணிப்புக் கேமரா, வீடியோ கால், கணினியின் தானியங்கி பேக்கப் எல்லாம் இதே வேலையைச் செய்யும்.

மருந்து இருக்கிறது, பெயர் எஸ்கியூஎம்; ரவுட்டரில் வரிசையைக் கட்டுப்படுத்தும் அமைப்பு. கேத்லீன் நிக்கோல்ஸும் வான் ஜேக்கப்சனும் 2012இல் வெளியிட்ட கோடெல் முறையிலிருந்து வளர்ந்த எஃப்கியூ-கோடெல், அதற்கடுத்து வந்த கேக் ஆகியவைதான் இதன் இதயம். ஒவ்வொரு உரையாடலுக்கும் தனி வரிசை கொடுத்து, அதிக நேரம் காத்திருக்கும் பாக்கெட்டைக் கைவிட்டு, அனுப்புபவரை அடக்குவதுதான் உத்தி. புகைப்படம் ஏறிக்கொண்டே இருக்கும். உங்கள் பட்டன் பாக்கெட் பக்கத்து வரிசையில் உடனே போய்விடும்.

அமைக்கும் முறை: எஸ்கியூஎம் உள்ள ரவுட்டர் வேண்டும். ஓபன்டபிள்யூஆர்டி என்ற இலவச ரவுட்டர் மென்பொருளை ஏற்றக்கூடிய ரவுட்டர் எதுவானாலும் சரி. சில நிறுவனங்கள் தங்கள் மென்பொருளிலேயே தருகின்றன. யாரும் பயன்படுத்தாத நேரத்தில் கேபிள் மாட்டி வேகத்தை மூன்று முறை அளந்து, குறைந்த அளவை எடுங்கள். அதில் 90 சதவீதத்தை மேல்வரம்பாக இடுங்கள். டவுன்லோடு 95 வந்தால் 85, அப்லோடு 10 வந்தால் 9. வரிசை உருவாகும் இடம் மோடத்திலிருந்து உங்கள் கட்டுப்பாட்டில் உள்ள ரவுட்டருக்கு நகர வேண்டும் என்பதற்காகவே இந்தக் குறைப்பு. வரம்பை 100 சதவீதத்தில் வைத்தால் வரிசை மறுபடி மோடத்துக்கே போய்விடும், எஸ்கியூஎம் சும்மா இருக்கும். பிறகு சுமையேற்றிப் பிங் பார்த்துக்கொண்டே வரம்பை 2, 3 சதவீதமாக ஏற்றுங்கள். தாமதம் ஏறத் தொடங்கும் இடத்துக்கு ஒரு படி கீழே நிறுத்துங்கள்.

இரண்டு இடத்தில் தவறு நடக்கும். ஒன்று, ரவுட்டரின் செயலி பலவீனமாக இருந்தால் 200, 300 எம்பிபிஎஸ்ஸுக்கு மேல் இந்த வேலையைத் தாங்காது; வேகம் விழும். அதைக் கேமிங்குக்கு ஒரு நஷ்டமாகவே எண்ண வேண்டாம். 200 எம்பிபிஎஸ் நிதானமான இணைப்பு, 500 எம்பிபிஎஸ் குதிக்கும் இணைப்பைவிட மேல். இரண்டு, ஹார்டுவேர் ஆஃப்லோடு என்ற அமைப்பு இயங்கிக்கொண்டிருந்தால் பாக்கெட்டுகள் எஸ்கியூஎம்மைத் தொடாமலே கடந்துவிடும். அதை அணைக்க வேண்டும். ரவுட்டர் பெட்டியில் அச்சடித்திருக்கும் கேமிங் மோட் என்பது பெரும்பாலும் ஒரு சாதனத்துக்கு முன்னுரிமை தருவது மட்டுமே. மோடத்தில் குவியும் வரிசையை அது தொடாது.

ரவுட்டரை மாற்ற வழியில்லை என்றால், சுமையைத் தரும் இடத்திலேயே அடக்குங்கள். பேக்கப் மென்பொருளில் அப்லோடு வரம்பு இடலாம், கேமராவின் பிட்ரேட்டைக் குறைக்கலாம், ஸ்டீம் போன்ற டவுன்லோடு மென்பொருளில் வேகவரம்பு வைக்கலாம்.

இணைய நிறுவனங்கள் பக்கத்திலிருந்தும் நல்ல நகர்வு தெரிகிறது. எல்4எஸ் என்ற புதிய முறை 2023 ஜனவரியில் தரநிலை ஆவணமாக வந்தது. வரிசை நீளும் முன்பே அனுப்புபவருக்கு அது சைகை காட்டிவிடும். ஜிஃபோர்ஸ் நவ் இதை ஏற்கிறது. அமெரிக்காவின் காம்காஸ்ட் 2025 ஜனவரியில் தன் வலையில் தொடங்கியது. மற்ற நிறுவனங்களும் இதை எடுத்துக்கொண்டால் இந்தப் பகுதி முழுவதும் தேவையற்றுப் போகும். அந்த நாளுக்காகக் காத்திருக்கிறேன்.

வைஃபை

லேன் கேபிள் மாட்ட முடியுமானால் மாட்டுங்கள். கேட் 5இ கேபிள் 100 மீட்டர் வரை 1 ஜிபிபிஎஸ் தரும்; அதற்கு மேற்பட்ட ரகம் தேவையில்லை. டிவியின் லேன் துளை 100 எம்பிபிஎஸ்தான், வைஃபையில் 250 வருகிறதே என்று கேபிளைக் கழற்றிவிடுகிறார்கள். 4கே கேமுக்குக்கூட 45க்கு மேல் வேண்டாம். அந்த 100 துளைதான் சரியான தேர்வு. (300 எம்பிபிஎஸ் பிளானில் கணினி 94இலேயே நிற்கிறதென்றால், பெரும்பாலும் கேபிளின் எட்டுக் கம்பிகளில் ஒன்று அறுந்து இணைப்பு 100க்கு இறங்கியிருக்கும். கேபிளை மாற்றிப் பாருங்கள்.)

கேபிள் போட வழியில்லாத வீட்டில் கோஆக்ஸ் (கேபிள் டிவி) கம்பி ஓடியிருந்தால், அதன் வழியே இணையம் அனுப்பும் மோக்கா அடாப்டர் கிட்டத்தட்ட கேபிளுக்கு நிகரான நிதானம் தரும். மின்கம்பி வழியே போகும் பவர்லைன் அடாப்டர் வீட்டுக்கு வீடு மாறும். மோட்டார் ஓடும்போது குதிக்கும். வாங்கினால் திருப்பிக் கொடுக்கும் வசதியோடு வாங்குங்கள்.

வைஃபையின் குணம் இது: ஒரு சானலில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேச முடியும். உங்கள் வீட்டுச் சாதனங்கள் மட்டுமல்ல, அதே சானலில் உள்ள பக்கத்து வீட்டு ரவுட்டரும் அந்த வரிசையில் உண்டு. பாக்கெட் மோதிக் கெட்டால் மறுபடி அனுப்பும்; ஆகவே லாஸ் தெரியாது, தாமதம் மட்டும் துள்ளும். இந்தத் துள்ளலுக்குத்தான் ஜிட்டர் என்று பெயர். சராசரி 4 மில்லி வினாடி காட்டும் வைஃபை, நிமிடத்துக்கு ஒருமுறை 150க்குப் போய்வந்தால் கேம் நிமிடத்துக்கு ஒருமுறை திக்கும்.

2.4 ஜிகாஹெர்ட்ஸை இதற்கு மறந்துவிடுங்கள். ஒன்றின்மேல் ஒன்று படியாத சானல்கள் 1, 6, 11 என்று மூன்றுதான். மைக்ரோவேவ் அடுப்பும் புளூடூத்தும் அதே அலைவரிசையில்தான் இருக்கின்றன. உங்கள் கன்ட்ரோலரே புளூடூத் என்றால், அதுவும் வைஃபையும் ஒன்றையொன்று இடித்துக்கொள்ளும். 5 ஜிகாஹெர்ட்ஸ் எடுங்கள். சாதனமும் ரவுட்டரும் ஏற்றால் 6 இன்னும் நல்லது. நெருக்கமான அடுக்ககத்தில் சானல் அகலத்தை 80இலிருந்து 40 மெகாஹெர்ட்ஸாகக் குறையுங்கள். உச்ச வேகம் பாதியாகும், ஆனாலும் கேமுக்குத் தேவையானதைப்போல் பல மடங்கு மிஞ்சும், குறுக்கீடு குறையும். சானலைத் தானியங்கியில் விடாமல் 36 முதல் 48க்குள் ஒன்றை நிலையாக வையுங்கள். 52 முதல் 144 வரையிலான சானல்களைப் பல நாடுகளில் ரேடார்களோடு பகிர வேண்டும். ரேடார் அலை கேட்டதாக ரவுட்டர் நினைத்தால் அந்த இடத்தை உடனே காலிசெய்யும், இணைப்பு அறுபடும். விமான நிலையத்துக்கோ வானிலை ரேடாருக்கோ அருகில் இருப்பவர்களுக்கு இது அடிக்கடி நடக்கும்.

சரியாக ஒரே இடைவெளியில் திக்கல் வந்தால், சாதனம் பின்னணியில் வேறு வைஃபைகளைத் தேடுகிறது என்று சந்தேகப்படுங்கள். விண்டோஸில் இருப்பிடச் சேவையை அணைத்துப் பாருங்கள். மேக்கில் ஏர்டிராப் பயன்படுத்தும் நேரடி இணைப்பு, வைஃபை ரேடியோவை அவ்வப்போது வேறு சானலுக்கு இழுக்கும்; ஏர்டிராப்பை அணைத்து ஆடிப் பாருங்கள். சாதாரண ரிப்பீட்டர் ஒவ்வொரு பாக்கெட்டையும் அதே சானலில் இரண்டு முறை பேசும். வேகம் பாதியாகும், ஜிட்டர் ஏறும். பல யூனிட்டுகள் சேர்ந்து வீடு முழுக்க வைஃபை தரும் மெஷ் வாங்கினாலும் கேம் ஆடும் இடத்தில் உள்ள யூனிட்டைக் கேபிளால் தலைமை யூனிட்டோடு இணைக்க முடிந்தால்தான் முழுப் பலன்.

கம்பிக்கு அப்பால்

ஃபைபர் இணைப்பில் கவலை குறைவு. பரவலாக உள்ள ஜிபான் முறையில் 2.5 ஜிபிபிஎஸ் டவுன்லோடை வழக்கமாக 32 அல்லது 64 வீடுகள் பகிர்கின்றன. எல்லாரும் ஒரே நொடியில் உறிஞ்சுவது அரிது. கேபிள் இணைப்பில் அக்கம்பக்கம் முழுவதும் ஒரே நோடை (விநியோக முனையை) பகிர்வதால் இரவு நேர நெரிசல் கண்கூடு. தொலைபேசிக் கம்பி வழி வரும் டிஎஸ்எல்லில் பிழை திருத்தத்துக்காகச் செய்யும் இன்டர்லீவிங் மட்டுமே 10, 20 மில்லி வினாடி கூட்டும். நிறுவனத்திடம் கேட்டால் சில இடங்களில் குறைத்துத் தருவார்கள். 4ஜி, 5ஜி வீட்டு இணைப்பில் வேகம் தாராளம், ஜிட்டர் கணிக்க முடியாதது. ரவுட்டரைக் கோபுரம் தெரியும் ஜன்னலோரம் வைப்பது எந்த அமைப்பையும்விட உதவும்.

ஸ்டார்லிங்க் போன்ற தாழ்பாதைச் செயற்கைக்கோளில் பிங் 25 முதல் 60க்குள் கிடைக்கிறது. ஆனால் 15 நொடிக்கு ஒருமுறை பாதை மறு ஒதுக்கீடு ஆகும்போது சிறு துள்ளல் வரும். நிதானமான ஆட்டங்களுக்கு ஏற்றது. புவிநிலைச் செயற்கைக்கோள் 35,786 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கிறது. கேள்வி ஏறி இறங்கி, பதில் ஏறி இறங்க ஒளிக்கே 477 மில்லி வினாடி தேவை. அதில் கிளவுட் கேமிங் என்றைக்கும் நடக்காது.

அளப்பது எப்படி

சாதாரண வேகச் சோதனையை விட்டுவிட்டு மூன்று அடுக்காக அளங்கள். முதலில் ரவுட்டருக்கே, அதாவது 192.168.1.1 போன்ற அதன் முகவரிக்கே, பிங் கட்டளையை 300 முறை ஓடவிடுங்கள். கேபிளில் 1 மில்லி வினாடிக்குள் வரும். நல்ல வைஃபையில் சராசரி 2 முதல் 5, உச்சம் 20, 30. உச்சம் 100ஐத் தாண்டினால் கோளாறு வீட்டுக்குள்தான். இணைய நிறுவனத்தைக் கூப்பிட்டுப் பயனில்லை. பார்க்க வேண்டியது உச்சத்தை, சராசரி ஏமாற்றும்.

இரண்டாவது, பாக்கெட் போகும் பாதையைக் காட்டும் டிரேஸ்ரூட் கட்டளையால் வீட்டை விட்டு வெளியேறியபின் வரும் முதல் முகவரியைக் கண்டு அதற்கும், பிறகு சேவையின் டேட்டா சென்டருக்கும் அளங்கள். ஜிஃபோர்ஸ் நவ் ஆப்பிலேயே நெட்வொர்க் சோதனை இருக்கிறது. டிரேஸ்ரூட்டில் நடுவில் ஒரு ரவுட்டர் மட்டும் லாஸ் காட்டி, அதற்குப் பின்னால் உள்ளவை சுத்தமாக இருந்தால் பயப்பட வேண்டாம். அந்த ரவுட்டர் பிங்குக்குப் பதில் சொல்வதைக் கடைசி வேலையாக வைத்திருக்கிறது, அவ்வளவுதான். ஒரு இடத்தில் தொடங்கிய லாஸ் கடைசி வரை நீடித்தால்தான் உண்மை. பாதை சம்பந்தமில்லாத தொலைதூர ஊருக்குப் போய்த் திரும்பி வருகிறது என்றால் அந்த வெளியீட்டோடு புகார் கொடுங்கள். எண்ணோடு வரும் புகாருக்குத்தான் மதிப்பு. இணையத்தை வேறு பாதையில் திருப்பிவிடும் விபிஎன் போட்டதும் பிங் குறைகிறதென்றால் பாதைக் கோளாறு உறுதி.

மூன்றாவது, சுமையோடு அளப்பது. பிங் ஓடிக்கொண்டிருக்கும்போது ஒரு பெரிய கோப்பை ஏற்றவும், இன்னொன்றை இறக்கவும் செய்யுங்கள். கிளவுட்ஃபிளேரின் வேகச் சோதனைப் பக்கம் சுமையில்லாத தாமதம், சுமையோடு தாமதம், ஜிட்டர், லாஸ் நான்கையும் காட்டும். மேக்கில் நெட்வொர்க் குவாலிட்டி என்ற கட்டளை உள்ளேயே இருக்கிறது. சுமையில் ஏற்றம் 30க்குள் என்றால் நல்ல இணைப்பு. 100க்கு மேல் என்றால் எஸ்கியூஎம் இல்லாமல் மாலை நேரத்தில் ஆட முடியாது.

அறிகுறியை வைத்தும் காரணத்தை ஊகிக்கலாம். படம் மங்கலாகி மெல்லத் தெளிந்தால், பாதை நெருங்குவதைச் சேவை உணர்ந்து பிட்ரேட்டைக் குறைத்திருக்கிறது. கட்டங்களும் ஒலி வெடிப்பும் சேர்ந்து வந்தால் பாக்கெட் லாஸ். படம் கண்ணாடிபோல் இருக்க, கை மட்டும் கனத்தால் டிவி கேம் மோடையும் சர்வர் பிராந்தியத்தையும் பாருங்கள். எல்லா எண்ணும் நன்றாக இருந்தும் ஃபிரேம்கள் விழுந்தால் உங்கள் சாதனம் டிகோட் செய்யத் திணறுகிறது: பேட்டரி சேமிப்பு முறை, பழைய பிரவுசர், ஹார்டுவேர் டிகோடிங் அணைந்திருப்பது. ஏவி1 என்ற கோடெக்கை (படம் சுருக்கும் முறையை) தேர்ந்தால் குறைந்த பிட்ரேட்டில் நல்ல படம் கிடைக்கும். ஆனால் அதற்கு ஹார்டுவேர் ஆதரவு வேண்டும். இன்டெல் 11ஆம் தலைமுறை, என்விடியா ஆர்டிஎக்ஸ் 30 வரிசை, ஆப்பிள் எம்3 முதல் அது உண்டு. இல்லாத சாதனத்தில் பழைய கோடெக்குகளான எச்.264, எச்.265 இரண்டில் ஒன்றே மேல்.

டேட்டா வரம்புள்ள பிளான் என்றால் இந்தக் கணக்கையும் போட்டுக்கொள்ளுங்கள்: 1 எம்பிபிஎஸ் ஒரு மணி நேரம் ஓடினால் 0.45 ஜிபி. 25 எம்பிபிஎஸ்ஸில் மணிக்கு 11.25 ஜிபி, தினம் இரண்டு மணி நேரம் ஆடினால் மாதம் 675 ஜிபி. 45 எம்பிபிஎஸ்ஸில் அதே ஆட்டத்துக்கு 1,215 ஜிபி. வரம்பற்றது என்று விற்கும் பிளானில்கூட ஒரு அளவுக்குப் பின் வேகத்தைக் குறைக்கும் நிபந்தனை இருக்கிறதா என்று படித்துவிடுங்கள். 5 எம்பிபிஎஸ்ஸுக்கு இறக்கிவிட்டால் மாதக் கடைசியில் கேம் இல்லை.

எந்த ஆட்டம் என்பதும் முடிவை மாற்றும். முறைவைத்து ஆடும் வியூக ஆட்டம், புதிர், கதை சொல்லும் ஆட்டம் 100 மில்லி வினாடிப் பிங்கிலும் ஓடும். கார் பந்தயம், சாகச ஆட்டங்களுக்கு 50க்குள் வேண்டும். போட்டித் துப்பாக்கி ஆட்டத்தில் 20க்குள் இருந்தாலும் உள்ளூர்க் கணினிக்காரரோடு சமமாக நிற்பது கடினம். சண்டை ஆட்டத்தில் தடுக்க உங்களுக்குக் கிடைப்பது மூன்று ஃபிரேம், அதாவது 50 மில்லி வினாடி என்றால், கிளவுட் சேர்க்கும் தாமதமே அதைத் தின்றுவிடும். இசைத்தாள ஆட்டங்களும் அப்படியே. இந்த வகைகளே உங்கள் விருப்பம் என்றால், இணைப்பு எவ்வளவு நன்றாக இருந்தாலும் கன்சோலோ கணினியோ வாங்குவதே சரி. டேட்டா சென்டருக்குக் கேபிளில், சுமையில்லாமல் அளந்த பிங்கே 60க்கு மேல் என்றாலும் அதே பதில்தான். தூரத்துக்கு ரவுட்டரில் மருந்து இல்லை.

மற்றவர்கள் ஆண்டுச் சந்தா கட்டும் முன் இலவச அடுக்கிலோ ஒரு மாதச் சந்தாவிலோ சோதியுங்கள். ஜிஃபோர்ஸ் நவ்வின் இலவச அடுக்கு ஒரு அமர்வுக்கு ஒரு மணி நேரம் தருகிறது. இடம் கிடைக்கக் காத்திருக்க வேண்டியிருக்கும், ஆனால் இணைப்பைச் சோதிக்க அது போதும். சோதனையை இரவு 8 முதல் 11 மணிக்குள், வீட்டில் எல்லாரும் இருந்து ஆளுக்கொரு திரையைத் திறந்து வைத்திருக்கும்போது, ஒரு வாரம் தொடர்ந்து செய்யுங்கள். ஒரு நாளாவது அந்த நேரத்தில் வேண்டுமென்றே பேக்கப்பை ஓடவிடுங்கள். பகல் 11 மணிக்குக் காலியான வலையில் ஆடிப் பார்த்தது கணக்கில் சேராது.